நடுக்கடலை விழுங்கிய பாம்பு

குறுக்கெழுத்துப் புதிர்: வாசகர் கேள்வி – பதில்

கே: 'நடுக்கடலை விழுங்கிய பாம்பு மேடையேறும் (4)' என்ற குறிப்புக்கு விடை 'நாடகம்' என்று போட்டிருக்கிறார்கள். மேடையேறுவது நாடகம், அது புரிகிறது. கடலும் பாம்பும் எங்கிருந்து வந்தன?

ப: விடையைக் கட்டித் தருவதே அந்தக் கடலும் பாம்பும்தான். பாம்புக்கு இன்னொரு பெயர் நாகம். நடுக்கடல் என்பது கரை தெரியாத இடம் அல்ல. 'கடல்' என்ற சொல்லின் நடு எழுத்து, அதாவது 'ட'. நாகம் அந்த 'ட'வை விழுங்கினால் நா-ட-கம். 'மேடையேறும்' என்பது மட்டுமே நேர்ப்பொருள்.

இந்த வகைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று விடையின் எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிய வேண்டும். 'மேடையில் நடப்பது (4)' என்று வெறும் பொருளை மட்டும் கேட்டிருந்தால் நாடகம், நடனம் இரண்டும் பொருந்தும். குறுக்கே ஓடும் சொல் வரும்வரை சந்தேகம்தான். சொல்விளையாட்டுக் குறிப்பில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. நடனத்துக்குள் பாம்பு எதுவும் இல்லை. பார்க்க மிரட்டினாலும், விடை கிடைத்தபின் சரிபார்க்க இதைவிட நேர்மையான குறிப்பு வேறில்லை.

குறிப்பை வாக்கியமாகப் படித்ததும் மனத்தில் ஒரு காட்சி எழுகிறதே, அதை நம்பியதுதான் தவறு. காட்சி முழுக்க முழுக்கப் பொய். சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, 'இது எந்த வேலையைச் செய்கிறது?' என்று கேளுங்கள். அடைப்புக்குள் இருக்கும் எண், கட்டங்களின் எண்ணிக்கை. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு: நா, ட, க, ம்.

கே: இரண்டு பகுதி என்றால் எங்கே வெட்டுவது?

ப: நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையேல் முடிவில் இருக்கும். நடுவில் வராது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் 'மேடையேறும்', 'திரையில் ஓடும்' என்று பொருளை வாலில் வைப்பது புதிர் அமைப்பவருக்கு வசதி. எனவே வாலிலிருந்து வெட்டிப் பார்க்கத் தொடங்குங்கள்.

'தருமம் நிலைகுலைந்த வயல்நிலம் (4)' என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்றே சொற்கள். 'நிலைகுலைந்த' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் கட்டளை. கலைக்க வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? 'வயல்நிலம்' ஆறு எழுத்து. நமக்கு வேண்டியது நான்கு. ஆகாது. 'தருமம்' த, ரு, ம, ம் என்று சரியாக நான்கு. அதைக் கலைத்தால் மருதம். வயலும் வயல் சார்ந்த இடமும் அதுதான். யோசிப்பதற்கு முன் எண்ணினால் பாதி வழி அடைந்துவிடும்.

இரு பகுதிகளையும் இணைக்க 'தரும்', 'ஆகும்', 'கிடைக்கும்', 'என்றால்' போன்ற ஒட்டுச் சொற்கள் வரலாம். 'இல்', 'ஐ', 'கு' உருபுகளும் அந்த வேலையைச் செய்யும். இவற்றைத் தவிர எந்தச் சொல்லும் சும்மா நிற்கக் கூடாது. விடை கிடைத்த பிறகும் ஒரு சொல் மிச்சம் இருந்தால் விடை தவறாக இருக்கலாம், அல்லது குறிப்பு தவறாக இருக்கலாம். முதலாவதே அடிக்கடி நடப்பது.

கே: எந்தச் சொல் எந்தக் கட்டளை என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

ப: பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை, புதிர் அமைப்பவர் அடுத்த வாரமே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சொல் எழுத்துகளை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்ப்பதே வழி.

கெட்டுப்போவது, ஆடுவது, உடைவது, போதை ஏறுவது, புதுப்பிப்பது எல்லாம் எழுத்தைக் கலைக்கச் சொல்பவை. உள்ளே போவது, அணிவது, சூழ்வது, சிறைப்படுவது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றை வைக்கச் சொல்பவை. இதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எது உள்ளே, எது வெளியே? 'கடலை விழுங்கிய பாம்பு' என்றாலும் 'பாம்பு விழுங்கிய கடல்' என்றாலும் பாம்புதான் வெளியே. சொல் வரிசை மாறியது, செய்தவர் மாறவில்லை. வரிசையைப் பார்க்காமல் எழுவாய் யார், செயப்படுபொருள் எது என்று பாருங்கள்.

ஒளித்து வைப்பது இன்னொரு வகை. 'விரைவாக வலை வீசியதில் சிக்கிய துயரம் (3)'. 'விரைவாக வலை' என்பதை இடைவெளி இல்லாமல் படியுங்கள்: விரைவா-கவலை. துயரம் அங்கேயே கிடக்கிறது. தொடக்கநிலையினருக்கு இதைவிட எளிய வகை இல்லை; விடை கண்ணெதிரே அச்சாகி இருக்கிறது. ஆனாலும் பலர் தவறவிடுவது இதைத்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைக் கண் தாண்ட மறுக்கிறது.

முதலெழுத்துகளை மட்டும் எடுக்கச் சொல்லும் குறிப்பும் உண்டு. 'கடல் விரியத் தைரியமாய்த் தொடங்கும் பாட்டு (3)' என்பதில் மூன்று சொற்களின் தொடக்கங்கள் க, வி, தை. விடை கவிதை.

இரட்டைப் பொருள் குறிப்பில் கட்டளைச் சொல்லே இருக்காது. 'எண்ணில் அடங்கும் நதி (2)' என்றால் ஆறு. ஒரு பக்கம் எண், மறுபக்கம் நதி. குறிப்பு மிகச் சிறியதாக, இரண்டு மூன்று சொற்களோடு நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கே: எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் குறிப்புகளில் ஐந்து எழுத்தைத் தாண்டினால் திணறுகிறேன். ஏதாவது முறை இருக்கிறதா?

ப: ஐந்து எழுத்தை 120 விதமாக அடுக்கலாம், ஆறு எழுத்தை 720 விதம். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. எந்த எழுத்து எங்கே நிற்கலாம் என்று தமிழ் இலக்கணம் ஏற்கெனவே கறாராகச் சொல்லி வைத்திருக்கிறது. பள்ளியில் சலிப்பாகப் படித்த மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் மூன்றும் இங்கே சம்பளமில்லா வேலையாள்கள்.

மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ட, ண, ற, ன, ழ, ள வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரா. ர, ல வரிசைகள் ரதம், லாபம் போன்ற இரவல் சொற்களில் மட்டும் தொடக்கத்தில் நிற்கும். சொல்லின் கடைசியில் க், ச், ட், த், ப், ற் வராது. அங்கே மெய் நின்றால் பெரும்பாலும் ம், ன், ர், ல், ள், ண், ய், ழ் ஆகியவற்றில் ஒன்றுதான். நடுவில் க், ச், த், ப் வந்தால் அடுத்தது அதே வரிசை: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். நட்பு, கற்க என்று க, ச, ப வரிசைகளையும் ஏற்கும். ங் பின்னால் க, ஞ் பின்னால் ச, ந் பின்னால் த, ண் பின்னால் ட, ம் பின்னால் ப, ன் பின்னால் ற ஆகிய இணைகளை முதலில் சோதியுங்கள். ர், ழ் இரட்டிக்கவே மாட்டா. பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் இந்த வேலியைத் தாண்டும். எண்ணிக்கையில் அவை குறைவு.

இப்போது ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 'வலை, பானம் சிதறிக் கிடக்கும் மணல்வெளி (5)'. எழுத்துகள் வ, லை, பா, ன, ம். ஒரே மெய் 'ம்'. அது முதலில் வராது. நடுவில் வந்தால் பின்னால் 'பா' நிற்க வேண்டும். அப்படி அமைவதைவிடக் கடைசியில் நிற்கவே வாய்ப்பு அதிகம். கடைசியில் வைத்துவிடுவோம். 'ன' முதலில் வராது, 'லை'யும் வராது. ஆகவே தொடக்கம் 'வ' அல்லது 'பா'. 120 அடுக்குகள் 12 ஆகச் சுருங்கிவிட்டன. பாலை என்று தொடங்கிய உடனே பாலைவனம் தெரிந்துவிடும்.

எழுத்துகளைக் குறிப்பில் உள்ள வரிசையிலேயே தாளில் எழுதாதீர்கள். கண் மறுபடியும் 'வலை பானம்' என்றே படிக்கும். வட்டமாகவோ தாறுமாறாகவோ எழுதி, இடம் உறுதியான எழுத்தை அடித்துவிடுங்கள்.

எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கலைக்க வேண்டிய சொல்லோடு பக்கத்தில் உள்ள சிறு சொல்லும் சேர வேண்டும். மற்றொன்று, நீங்கள் மாற்றுச் சொல்லைக் கலைக்கப் பார்க்கிறீர்கள். கலைக்கும் எழுத்துகள் குறிப்பில் அச்சாகி இருக்க வேண்டும் என்பது நேர்மையான புதிர்களின் விதி. 'அறம் நிலைகுலைந்த வயல்நிலம்' என்று எழுதி, அறத்தைத் தருமம் ஆக்கி, அதைக் கலைக்கச் சொல்வது முறையன்று.

ஒரு முணுமுணுப்பும் உண்டு. 'காரம் கடி' என்பதை மாற்றிக் 'கடிகாரம்' என்று வைப்பது கலைப்பே அல்ல. இரண்டு துண்டுகளை இடம் மாற்றியதற்கு 'சிதறிய' என்று பெரிய பெயர் எதற்கு?

கே: சந்தி எழுத்துகளை என்ன செய்வது? 'மலர்த் தூண்' என்று வரும்போது அந்த 'த்' கணக்கில் உண்டா?

ப: இல்லை. வல்லினம் மிகுவதால் வந்த க், ச், த், ப் குறிப்பின் வாக்கிய ஓட்டத்துக்காக மட்டும் நிற்பவை; அவற்றை எழுத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கலைக்க வேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே ஒற்று மிகுந்தால் தீர்ப்பவர் குழம்புவார். நல்ல அமைப்பாளர் அந்த இடத்தில் காற்புள்ளி வைத்துவிடுவார், அல்லது வேறு சொல் தேடுவார்.

'மரம்' போன்ற சொல் உருபேற்றால் 'மரத்தில்' என்று வடிவமே மாறிவிடுகிறது. கலைக்கவோ ஒளிக்கவோ வேண்டிய சொல்லுக்கு இப்படி நேர்ந்தால் 'ம்' காணாமல் போய் 'த்' முளைக்கும். எனவே 'அத்து' ஏறிய சொல்லைப் பார்த்தால் அதன் எழுத்துகளில் கை வைக்காதீர்கள். அதற்கு மாற்றுச் சொல் தேடச் சொல்கிறார்கள் என்று முதலில் நினையுங்கள்.

துண்டுகளைச் சேர்க்கும்போது கதை வேறு. இரண்டு பழக்கங்கள் உள்ளன. எழுத்துகளை அப்படியே அடுக்குவது ஒன்று. புணர்ச்சி விதிப்படி சேர்ப்பது மற்றொன்று. 'பார்க்கும் உறுப்பு ஒரு மாதத்துக்கு முன் முகம் காட்டும் (4)' என்பதில் கண், அதற்குப் பிறகு ஆடி. அப்படியே அடுக்கினால் 'கண்ஆடி'; அப்படி ஒரு சொல் இல்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டிக்கும் என்ற விதிப்படி 'கண்ணாடி'. முதலில் அப்படியே அடுக்கிப் பாருங்கள். இரண்டாம் துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் புணர்ச்சியைச் சோதியுங்கள். 'மாதம்' என்று வந்தால் தை, ஆடி, மாசி மூன்றையும் முதலில் பாருங்கள். புரட்டாசியைச் சொல்லுக்குள் செருகுவது யாருக்கும் எளிதல்ல.

கே: 'கால் போன பாடம் திரையில் ஓடும் (3)' எப்படி 'படம்' ஆகும்? கால் என்றால் கடைசி எழுத்து இல்லையா?

ப: கடைசி எழுத்து என்று கொண்டால் 'பாட' என்று இரண்டு எழுத்துதான் மிஞ்சும். இங்கே கால் என்பது துணைக்கால், 'பா'வில் உள்ள கால். அதை எடுத்தால் 'ப'. பாடம் படம் ஆகிறது. கால் இல்லாதது ஓடுகிறது என்பது அமைப்பவரின் குறும்பு.

தமிழ் எழுத்தின் உருவமே இந்த விளையாட்டுக்கு உதவுகிறது. கொம்பு என்றால் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ. 'கொம்பு முளைத்த இசை ஒரு மங்கை (2)': இசை என்பது பண், அதற்கு ஒற்றைக்கொம்பு போட்டால் பெண். 'புள்ளி' மெய்யைக் குறிக்கும். 'புள்ளியிழந்த மான்' என்றால் 'ன்' புள்ளியை இழந்து 'மான' என்று நிற்கும் ஒரு துண்டு. உடலுறுப்புப் பெயர்கள் இன்னும் ஆபத்தானவை. தலை, முகம் முதலெழுத்து. இடை, வயிறு, இதயம் நடு. கடை, வால், அடி கடைசி. 'கடையை மூடிய துணைவிக்கு வீடு (2)' என்பதில் வியாபாரம் எதுவும் நடக்கவில்லை. மனைவியின் கடைசி எழுத்து போனால் மனை. 'அரை' என்பது இடுப்பாகவும் பாதியாகவும் இருக்கும். 'கால்' என்பதற்கோ துணைக்கால், கடைசி எழுத்து, காற்று, நான்கில் ஒரு பங்கு என்று நான்கு வேடம். நான்கில் ஒன்றைக் குறிக்கும் பழைய தமிழ்க் குறி 'வ' போல இருப்பதால் சிலர் கால் என்று சொல்லி 'வ'வை வைப்பார்கள்.

தமிழ் எண்களும் இப்படித்தான். ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஐந்துக்கு ரு, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய. 'இரண்டும் ஐந்தும் சேர்ந்தால் வடிவம் (2)' என்பதைக் கூட்டி ஏழு என்று எழுதியவர்கள் உண்டு. அடுக்கினால் 'உரு'.

கே: நான் 'கைதி' என்று எழுதினேன், விடை 'திகை' என்கிறார்கள். இரண்டும் பொருந்துகிறதே?

ப: குறிப்பு இது: 'திரும்பி வந்த சிறைவாசியைக் கண்டு பிரமித்து நில் (2)'. திரும்புபவர் சிறைவாசி. ஆகவே கைதி பின்னிருந்து படிக்கப்பட வேண்டிய மூலம். விடை ஆக முடியாது. கட்டளைச் சொல் எதை ஒட்டி நிற்கிறதோ அது மூலம், மற்றது பொருள். 'பிரமித்து நில் திரும்பும் சிறைவாசி' என்று கட்டளையை நடுவில் வைத்திருந்தால் இரு பக்கமும் இழுக்கலாம். அப்போது உங்கள் புகார் நியாயம். நடுவில் நிற்கும் கட்டளை, அமைப்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

திருப்பிப் படிக்கும் குறிப்புகள் தமிழில் குறைவாக இருப்பதற்குக் காரணம் மெய்யெழுத்து. ம், ன், ர், ல் என முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும். அப்படித் தமிழ்ச் சொல் இல்லை. ஆகவே திருப்ப வேண்டிய சொல் உயிர்மெய்யில் முடிவதாக இருக்கும். 'மேலே ஏறும்', 'எழும்பும்' போன்றவை மேலிருந்து கீழ் செல்லும் சொற்களுக்கு மட்டுமே பொருந்தும். இடமிருந்து வலம் செல்லும் சொல்லில் அவை திருப்பத்தைக் குறிக்க முடியாது.

கே: காற்புள்ளி, கேள்விக்குறிக்கு மதிப்பு உண்டா?

ப: காற்புள்ளி, முற்றுப்புள்ளியை மறந்துவிடுங்கள்; ஏமாற்றவே வைப்பார்கள். கேள்விக்குறி மட்டும் ஒரு எச்சரிக்கை: பொருள் நேரானதல்ல, சிலேடையாகவோ தூரத்து உவமையாகவோ இருக்கிறது என்று அர்த்தம்.

கே: ஒலியை வைத்து வரும் குறிப்புகளில் ழ, ல, ள மூன்றையும் ஒன்றாகப் போடுவது நியாயமா?

ப: நியாயமில்லை. 'கேட்டால்', 'காதில் விழுந்தால்', 'உரக்கச் சொன்னால்' என்பவை ஒலிக் குறிப்பின் அடையாளங்கள். ர, ற வேறுபாடு இன்றைய பேச்சில் பலருக்கும் மறைந்துவிட்டது. ஆகவே 'நாயாய்க் கத்து! காதில் விழுவது குற்றம் (2)' என்று குரையிலிருந்து குறைக்குப் போவதை ஏற்கலாம். ந, ன வேறுபாடும் அப்படியே. ஆனால் மழையை மலை ஆக்குவது தவறான உச்சரிப்புக்குப் பரிசு கொடுப்பது. 'தவறாகச் சொன்னால்' என்றோ 'நா பிறழ்ந்தால்' என்றோ குறிப்பிலேயே ஒப்புக்கொண்டு எழுதினால் சண்டை இல்லை.

கே: எவ்வளவு சொல்வளம் வேண்டும்?

ப: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, ஆனால் சிறிய சொற்கள் கட்டாயம் வேண்டும். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கு வைக்கிறது. புதிர் அமைப்பவருக்கு அது ஒரு கருவிப்பெட்டி. பசு என்றால் ஆ அல்லது கோ. அரசனும் கோ. சோலை கா, பாட்டு பா, நாக்கு நா, அம்பு ஏ, எருது சே, மலர் பூ அல்லது வீ. மா என்பது மரம், குதிரை, பெரிய என்று பல முகம் காட்டும். இவற்றை எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதம் புதிர் போட்டால் பிறகு தாளைப் பார்க்க வேண்டியிருக்காது. அகராதியைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடையைத் தேடித் திறக்காமல், கிடைத்த விடைக்கு அந்தப் பொருள் உண்டா என்று பார்க்கத் திறங்கள்.

கே: இதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம்தானே?

ப: கட்டம் அங்கிருந்து வந்தது. ஆர்தர் வின் அமைத்த முதல் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வெளியானது. வெறும் பொருள் கேட்கும் புதிர் அது. பொருளை மறைத்துச் சொல்லும் வகை 1920களில் இங்கிலாந்து இதழ்களில் வளர்ந்தது. சொல்லை உடைத்து விளையாடுவது நமக்கு அதற்கும் மூத்தது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் எழுத்து வருத்தனம் எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது, அக்கரச்சுதகம் குறைத்துக்கொண்டே போவது, கரந்துறைச் செய்யுள் பாட்டுக்குள் பாட்டை ஒளிப்பது, மாலைமாற்று இரு பக்கமும் ஒன்றாகப் படிக்கக் கிடைப்பது. வினாவுத்தரம் சில கேள்விகளின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல் ஆக்குவது. இன்றைய துண்டுச் சேர்க்கைக் குறிப்பும் அதுவே. ஔவையார் பாடியதாக வழங்கும் 'எட்டேகால் லட்சணமே' என்ற வசையை எண்ணுங்கள். எட்டு அ, கால் வ, அவலட்சணம். அடைப்புக்குள் எழுத்தெண்ணிக்கை போடாதது ஒன்றுதான் குறை.

கே: நானே குறிப்பு எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ப: விடையிலிருந்து. வாக்கியத்தை முதலில் யோசித்தால் நடக்காது. சொல்லைத் தாளில் எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள். 'மகரந்தம்' என்றால் ம, க, ர, ந், த, ம். உள்ளே முழுச்சொல் ஒளிந்திருக்கிறதா? 'கர' தெரிகிறது. அதை நீக்கினால் மிஞ்சுவது 'மந்தம்'. ஆகவே மந்தத்துக்குள் 'கர'. 'கர' என்பதை எப்படிச் சொல்வது? கரம் என்றால் கை. கடைசி எழுத்து போக வேண்டும், அதாவது கை முடியாமல் நிற்க வேண்டும். மந்தத்துக்குச் சோம்பல். பொருள் பூந்தூள். இப்போதுதான் வாக்கியம்: 'பூந்தூளை எடுக்க, சோம்பலுக்குள் கை முடியாமல் நுழைந்தது (6)'.

எழுதியபின் சொல் சொல்லாகக் கணக்குப் பாருங்கள். 'பூந்தூளை' பொருள், 'எடுக்க' ஒட்டு, 'சோம்பல்' மந்தம், 'உள் … நுழைந்தது' கட்டளை, 'கை முடியாமல்' கர. எதுவும் மிச்சமில்லை. அழகுக்காக 'மெதுவாக' என்று ஒரு சொல் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் தீர்ப்பவர் அதற்கும் ஒரு எழுத்து தேடுவார். விடைச் சொல்லின் வேரையே குறிப்பில் பயன்படுத்துவதும் கூடாது. பொருளின் இலக்கண வகை விடையோடு ஒத்திருக்க வேண்டும்: விடை வினை என்றால் பொருளும் வினை. 'மேடையேறும்' என்று வினையைச் சொல்லிப் பெயர்ச்சொல்லை விடையாக வைப்பது தமிழில் பரவலாக ஏற்கப்பட்ட சலுகை. 'மேடையேறுவது' என்பதே கறாரான வடிவம். எழுதிய குறிப்பை இரண்டு நாள் மூடிவைத்துவிட்டு நீங்களே தீர்த்துப் பாருங்கள். வேறொரு விடையும் பொருந்தினால் அப்போதுதான் கண்ணில் படும்.

கே: பயிற்சிக்குச் சில குறிப்புகள் தாருங்கள்.

ப: 1. மலர்த் தூண் நிலத்தையே ஆட்டிவிடும் (5)
2. ஊர்வலத்தில் போகும் தொடங்காத நோன்பு (3)
3. வாசலில் இருப்பதை வாசி (2)

விடைகள்: 1. பூகம்பம் (பூ + கம்பம்). 2. ரதம் (விரதத்தின் முதலெழுத்து நீங்கியது, பொருள் குறிப்பின் தொடக்கத்தில்). 3. படி (இரட்டைப் பொருள், 'ஐ' ஒட்டு).